குளிராத விளக்கு

எட்மண்டன், ஆல்பர்ட்டா
ஜனவரி 25

அன்புள்ள மாமாவுக்கு,

அத்தையின் முட்டிவலி தேவலையா? கடையில் புதுப் பையன் நிலைத்தானா, அவனும் ஓடிவிட்டானா?

வாராவாரம் வீடியோவில் முகம் பார்த்துப் பேசுகிறோமே, இவன் எதற்குக் கடுதாசி எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். காரணம் இருக்கிறது. இந்த வீட்டில் யார் ஃபோன் பேசினாலும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச வேண்டும் என்பது உங்கள் மகள் போட்ட சட்டம். இதுவோ அவள் காதில் விழக்கூடாத சமாச்சாரம். நான் ஒரு குற்றம் செய்துவிட்டேன். அதை உங்களிடம் மட்டும்தான் ஒப்புக்கொள்ள முடியும். ஏனென்றால் உங்களுக்கே தெரியாமல் அதில் நீங்களும் கூட்டு. படித்து முடித்ததும் கிழித்துப் போட்டுவிடவும். அத்தை கையில் சிக்கினால் அரை மணி நேரத்தில் எட்மண்டனுக்குச் செய்தி வந்துவிடும்.

எல்லாம் என் பிக்கப் வண்டியால் வந்தது. போன ஜூலையில் வந்திருந்தபோது நீங்கள் ஏறி உட்கார்ந்து பார்த்தீர்களே, அந்தச் சாம்பல் நிற வண்டிதான். சுற்றிச் சுற்றி வந்து, “முன்னாடி காரு, பின்னாடி லாரி. பாதியில நிறுத்திட்டாங்க போல. நாமக்கல்லுக்குக் கொண்டாங்க மாப்ள, மிச்சப் பாடியைக் கட்டிக் குடுத்துடலாம்” என்றீர்கள். இங்கே பிக்கப் இல்லாதவன் மனுசனில் சேர்த்தி இல்லை மாமா. கனடாவில் வருடக்கணக்காக மிக அதிகம் விற்கிற வண்டியே ஃபோர்டு எஃப்-சீரிஸ் பிக்கப்தான். ஒரு டன் ஏற்றலாம் என்கிறார்கள். பெரும்பாலும் அதில் ஏறுகிற சரக்கு ஒரு டம்ளர் காபி. என் வண்டி எந்தக் கம்பெனி என்று மட்டும் இங்கே எழுத மாட்டேன். வீட்டுக் குறையை வீதியில் சொல்லக் கூடாது.

நீங்கள் பார்த்தது ஜூலை எட்மண்டன். ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம் போகாமல், எப்போது விளக்கு ஏற்றுவது என்று அத்தை தவித்துப் போனார்கள். டிசம்பரில் வந்து பார்க்க வேண்டும். காலை எட்டே முக்காலுக்கு மேல்தான் சூரியன் எட்டிப் பார்ப்பார். நாலேகாலுக்கெல்லாம் கிளம்பிவிடுவார். அரசாங்க ஆபீசில்கூட அதைவிட அதிக நேரம் ஆள் இருக்கும்.

வண்டியின் முன்பக்கக் கிரில்லில் ஒரு பிளக் வயர் தொங்கியதைப் பார்த்து, “இது கரண்ட்டுல ஓடறதா?” என்று கேட்டீர்கள். அதற்குப் பெயர் பிளாக் ஹீட்டர். இன்ஜினுக்குள் இருக்கும் கூலண்ட்டைச் சூடாக்க உள்ளே ஒரு காயில். என் வண்டியில் 400 வாட்ஸ். மைனஸ் 20-க்குக் கீழே போகிற ராத்திரிகளில் வண்டியின் மூக்கு வயரை வீட்டுச் சுவர் பிளக்கில் செருகிவிட்டுத்தான் தூங்கப் போவோம், மாட்டைப் பிடித்துக் கட்டிவிட்டுப் படுக்கிற மாதிரி. கராஜ் இருக்கிறதே என்பீர்கள். எங்கள் கராஜில் வண்டியைத் தவிர எல்லாம் இருக்கிறது.

ஹீட்டர் இன்ஜினுக்குத்தான். பேட்டரியின் குளிருக்கு ஆள் இல்லை.

கிறிஸ்துமஸ் லீவில் ஐந்து நாள் வண்டியைத் தொடவில்லை. ஆறாம் நாள் சாவியைத் திருப்பினேன். செல்ஃப் எடுக்கவில்லை. சுவர்க்கோழி மாதிரி டிக் டிக் டிக் என்றது, அப்புறம் அதுவும் நின்றது. எதிர்வீட்டுப் பெரியவர் தன் பிக்கப்பை மூக்கோடு மூக்கு கொண்டுவந்து நிறுத்தினார். அவர் வெக்ரவில் ஊர்க்காரர், உக்ரேனிய வம்சம். ஞாபகம் இருக்கிறதா, கிழக்கே நூறு கிலோமீட்டர் உங்களைக் கூட்டிப் போய்க் காட்டினோமே, 1975-ல் அலுமினியத்தில் செய்து தூக்கி நிறுத்திய ராட்சச ஈஸ்டர் முட்டை, காற்றடித்தால் திரும்புமே, அந்த ஊர். “ஊர் உலகத்துக்கெல்லாம் முட்டை அனுப்பற நாமக்கல்ல ஒரு முட்டைக்குச் சிலை இல்லைங்க” என்று திரும்பி வரும் வழியெல்லாம் வருத்தப்பட்டீர்கள்.

பெரியவர் உடனே கேபிளைப் போட்டுவிடவில்லை. முதலில் டார்ச் அடித்து என் பேட்டரியின் வயிற்றைத் தடவிப் பார்த்தார். நிறையச் சார்ஜ் இருக்கிற பேட்டரி மைனஸ் 50-லும் உறையாதாம். தீர்ந்துபோன பேட்டரி மைனஸ் 10 வாக்கிலேயே உறைந்து உப்பிவிடும். உறைந்ததற்குக் கரண்ட் கொடுத்தால் வெடிக்கும். உங்கள் நாற்பது வருட அனுபவத்தில் இப்படி ஒரு பேட்டரியைப் பார்த்திருக்க மாட்டீர்கள். நாமக்கல் வெயிலில் பேட்டரி தண்ணீர் வற்றித்தான் சாகும்.

உப்பவில்லை. நான் கேபிள் மாட்டினேன். சிவப்பு இரண்டையும் பிளஸ்ஸில் கொடுத்தேன், கறுப்பில் ஒன்றை அவர் பேட்டரி மைனஸில் கொடுத்தேன், கடைசிக் கறுப்பை மட்டும் என் பேட்டரியில் கொடுக்காமல் தள்ளி இன்ஜின் இரும்பில் பிடித்தேன். பொறி பறந்தாலும் பேட்டரி கேஸ் பக்கம் பறக்கக் கூடாது. எட்டாம் வகுப்பு லீவில் நீங்கள் தலையில் குட்டிச் சொல்லிக் கொடுத்தது. பெரியவர் பாராட்டினார். “என் மாமா ஆட்டோ எலக்ட்ரீசியன்” என்றேன். உங்கள் மகள் ஜன்னலிலிருந்து, “எங்கப்பா இருந்தா வண்டியே நின்னிருக்காது” என்றாள்.

நாலு நாள் கழித்து மறுபடியும் டிக் டிக் டிக். பேட்டரிக்கு வயதாகிவிட்டது என்று 200 டாலருக்கு மேல் கொடுத்துப் புதிதாகப் போட்டேன். ஒரு வாரத்தில் அதுவும் படுத்தது.

அன்றைக்குத்தான் உங்களுக்கு ஃபோன் செய்தேன். இங்கே ராத்திரி எட்டு, அங்கே காலை எட்டரை. உங்களுக்குப் பின்னால் எந்த லாரிக்கோ ஹாரன் சரி பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீங்கள் முழுதாகக் கேட்டுவிட்டு, “புது பேட்டரியும் டவுனாச்சுன்னா எதோ ஒண்ணு உக்காந்து கரண்ட் குடிக்குதுங்க மாப்ள. டேஷ்போர்டுப் பெட்டி மூடறப்ப ‘டப்’புனு கேக்குதா, ‘தொப்’புனு கேக்குதா?” என்றீர்கள்.

நான் சிரித்தேன். “மாமா, இது கம்ப்யூட்டர் வண்டி. லேலண்ட் லாரி இல்ல” என்றேன்.

கல்யாணத்துக்கு முன்னால் இப்படிப் பேசியிருந்தால் பத்துக்குப் பதினொண்ணு ஸ்பேனர் பறந்து வந்திருக்கும். இப்போது மாப்பிள்ளை ஆகிவிட்டேனே. “சரிங்க மாப்ள” என்று மட்டும் சொன்னீர்கள். அந்த “சரிங்க” இன்னும் காதில் இருக்கிறது.

அடுத்து ஒரு ஒர்க்‌ஷாப். பெயர் எதற்கு? சோதனைக்கே 160 டாலர், நம் காசில் பத்தாயிரம் ரூபாய் வரும். ராத்திரி முழுக்க வண்டியைச் சூடான ஷெட்டுக்குள் வைத்துச் சோதித்துவிட்டு, குறை எதுவும் இல்லை என்று அச்சடித்துக் கொடுத்தார்கள். ராவெல்லாம் காய்ச்சலில் அனத்திய பிள்ளை, டாக்டர் முன்னால் போனதும் எழுந்து விளையாடுமே, அது மாதிரி. வெளியே கொண்டுவந்து நிறுத்தினேன். மூன்றாம் நாள் டிக் டிக் டிக்.

சரி, நாமே பார்த்துவிடுவோம் என்று ஒரு மல்டிமீட்டர் வாங்கினேன். பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றி, வயருக்கும் பேட்டரிக்கும் நடுவே மீட்டரைப் போட்டால், வண்டி தூங்கும்போது எவ்வளவு கரண்ட் குடிக்கிறது என்று தெரியும். முதல் நாள் மீட்டர் நடுவில் இருப்பதை மறந்து சாவியைத் திருப்பிவிட்டேன். மீட்டருக்குள் இருந்த ஃபியூஸ் போய்ச் சேர்ந்தது.

இரண்டாம் முறை ஒழுங்காகச் செய்தேன். கதவுகளை மூடி அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். சாவி எடுத்த பிறகும் வண்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்கள் உடனே தூங்காது, பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் மாதிரி ஒவ்வொன்றாகத்தான் அடங்கும். மைனஸ் 27. மீட்டரின் எண்களே விறைத்துப் போய், ஒரு எண் மறைந்து இன்னொரு எண் வர யோசித்தது. கடைசியில் 0.31 ஆம்பியரில் நின்றது. தூங்குகிற வண்டி 0.05-க்குள் குடித்தால் நியாயம். இது ஆறு பங்கு.

அப்புறம் ஃபியூஸ் வேட்டை. என் வண்டியில் ஃபியூஸ் பெட்டி முன்சீட்டுக்காரர் கால் வைக்கும் இடத்தில் இருக்கிறது. கதவைத் திறந்தால் உள்விளக்கு எரிந்து கணக்கைக் கெடுத்துவிடும் என்பதால், திறந்த கதவின் பூட்டு நாக்கை ஸ்குரூடிரைவரால் தள்ளி, கதவு மூடியிருக்கிறது என்று வண்டியை நம்பவைத்தேன். பிறகு தலை கீழே, கால் சீட்டின் மேலே என்று நுழைந்து ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கினேன். ஜன்னல் வழியாகப் பார்த்த உங்கள் பேத்தி, “அப்பா ஏன் சீட்டுக்குக் கால் கும்பிடு போடறாங்க?” என்றாளாம்.

பதினாலாவது ஃபியூஸைப் பிடுங்கியதும் 0.31 என்பது 0.04 ஆனது. அட்டவணையைப் பார்த்தேன்: உள்விளக்குகள். கூரை விளக்கு, கதவு விளக்கு, பின்தொட்டி விளக்கு எல்லாம் அந்த ஒரே ஃபியூஸில். ஒன்றுவிடாமல் பார்த்தேன். எல்லாம் அணைந்துதான் இருந்தது. கும்மிருட்டு. இருட்டுக்குள் ஏதோ ஒரு விளக்கு கால் ஆம்பியர் குடித்துக்கொண்டிருக்கிறது, கண்ணுக்குத்தான் தெரியவில்லை.

துப்பு என் கையிலேயே இருந்தது மாமா. அதே வாரத்தில் ஒரு நாள் காலை, சீட்டில் கிடந்த தண்ணீர் பாட்டில் கல்லாக உறைந்திருந்தது. டேஷ்போர்டுப் பெட்டிக்குள் உங்கள் பேத்தி ஒளித்து வைத்திருந்த சாக்லேட்டை எடுத்தால், ஒரு ஓரம் இளகி விரலில் ஒட்டியது. மைனஸ் 27-ல் சாக்லேட் உருகுகிறது! நானோ விரலை நக்கிவிட்டு வேலைக்குப் போய்விட்டேன்.

கடைசியில் கண்டுபிடித்தவள் பேத்திதான். மூடின ஃப்ரிட்ஜுக்குள் லைட் எரியுமா அணையுமா என்று பார்க்க, அம்மாவின் ஃபோனில் வீடியோ ஓடவிட்டு, கத்தரிக்காய்க்கு நடுவே வைத்து அடி வாங்கியவள் அவள். “அந்தப் பெட்டிக்குள்ள ஃபோனை வெச்சுப் பாருங்கப்பா” என்றாள். வைத்தேன். மூடினேன். இருபது எண்ணிவிட்டு எடுத்துப் பார்த்தோம்.

வீடியோவில் மூடி மேலே வருகிறது. மூடுகிறது. இருட்ட வேண்டிய இடம் இருட்டவில்லை. உள்ளே தகதகவென்று மஞ்சள் வெளிச்சம். இன்ஷூரன்ஸ் காகிதம், உடைந்த கூலிங் கிளாஸ், பாதி பிஸ்கட் பாக்கெட், நடுவில் நம் ஊர் ஆஞ்சநேயர், வெண்ணெய்க்காப்பு அலங்காரத்தில், லேமினேட் செய்த படத்திலிருந்து எங்களைப் பார்க்கிறார். வண்டி வாங்கிய அன்று உங்கள் மகள் வைத்த படம்.

உங்கள் மகள் கையெடுத்துக் கும்பிட்டாள். “ஊர்ல அவருக்குக் கூரையே கிடையாது. இங்க வந்து பெட்டிக்குள்ள அடைச்சு வெச்சோம். அவரே அணையா விளக்கு ஏத்திக்கிட்டாரு.”

பதினெட்டடி ஆஞ்சநேயருக்கு முன்னால் என்ன வாதம் செய்வது? கணக்குச் சொன்னேன். நகம் அளவு பல்பு, 194 என்று நம்பர், நம் கடையில் மீட்டர் பல்பு என்போமே அந்த ஜாதி. 0.27 ஆம்பியர். ஒரு நாளைக்கு ஆறரை ஆம்பியர்-அவர், ஐந்து நாளில் முப்பதுக்கு மேல். பேட்டரி எழுபது. மைனஸ் 18-லேயே அதன் பலம் ஏறக்குறைய பாதி போய்விடும். ஆயிலோ குளிரில் தேன் மாதிரி இறுகி, இன்ஜினைச் சுற்ற வழக்கத்தைவிட அதிக பலம் கேட்கும். புது வண்டிகளில் கம்ப்யூட்டரே கொஞ்ச நேரத்தில் இந்த விளக்குகளுக்கு வரும் கரண்ட்டை வெட்டிவிடும். என் வண்டியில் பெட்டி விளக்குக்கு மட்டும் இருபத்துநாலு மணி நேரமும் நேர் கரண்ட். கம்ப்யூட்டர் வண்டி என்று உங்களிடம் பீற்றிக்கொண்டேனே, அந்தக் கம்ப்யூட்டருக்கும் இந்த விளக்குக்கும் பேச்சுவார்த்தையே இல்லை. “அதனால விளக்கை அணைச்சாகணும்” என்று முடித்தேன்.

“விளக்கை அணைக்கிறதுன்னு வாயால சொல்லாதீங்க. குளிர வைக்கிறதுன்னு சொல்லுங்க.”

இந்த ஊரில் ஆறு உறைந்து கிடக்கிறது. என் மீசை உறைகிறது. மூச்சு கண்ணாடியில் படிந்து பனியாகிறது. குளிராத பொருள் இந்த ஒரு விளக்குதான். அதைக் குளிர வைக்க மூன்று வாரம் பாடுபட்டேன்.

பல்பைப் பிடுங்கி எறி என்றார் எதிர்வீட்டுப் பெரியவர். சாமி விளக்கைப் பிடுங்குவதா என்றாள் உங்கள் மகள். ஆகவே திறந்தால் எரிய வேண்டும், மூடினால் குளிர வேண்டும். டார்ச்சோடு உட்கார்ந்து பார்த்தேன். பெட்டி வாயின் ஓரத்தில் பட்டாணி அளவு ஒரு பொத்தான். மூடி வந்து அதை முழுக்க அழுத்தினால் கரண்ட் நிற்கும். மூடியில் அந்தப் பொத்தானுக்கு எதிரே ஒட்டியிருந்த ரப்பர் தேய்ந்து, குளிரில் விறைத்துச் சுருங்கி, அரை நூல் எட்டாமல் நின்றது. சூடான ஷெட்டில் ரப்பர் இளகி, மூடி சரியாகப் படிந்து, விளக்கு குளிர்ந்துவிட்டது. 160 டாலர் எங்கே போனது என்று புரிந்தது.

அப்போதுதான் மூடியை மெல்ல மூடிக் காது கொடுத்தேன். ‘தொப்’ என்றது.

‘டப்’ என்பது ரப்பர் போய் முட்டி நிற்கிற சத்தம். ‘தொப்’ என்பது முட்ட எதுவும் இல்லாமல் மூடி விழுகிற சத்தம். 12,000 கிலோமீட்டருக்கு அப்பால் லாரி ஹாரனுக்கு நடுவே, வண்டியைக் கண்ணால் பார்க்காமல், கை கழுவுகிற நேரத்தில் நீங்கள் கேட்ட கேள்வி அது. உங்கள் கடையிலிருந்து தப்பிப்பதற்கென்றே கம்ப்யூட்டர் படித்தேன். கையில் கிரீஸ் படக் கூடாது என்று கடல் தாண்டினேன். கடைசியில் டேஷ்போர்டுக்கு அடியில் தலைகீழாகக் கிடந்து, உங்கள் கேள்விக்கு மூன்று வாரம் கழித்துப் பதில் எழுதுகிறேன்: ‘தொப்’புங்க மாமா.

இனி என் குற்றம்.

பழுது தெரிந்துவிட்டது, ரப்பர் வேண்டும். காகிதத்தை மடித்து வைத்தேன், நசுங்கியது. நாற்காலிக் காலுக்கு ஒட்டும் துணி வட்டம் ஒட்டினேன், குளிரில் பசை பிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை, கடைக்குப் போகச் சோம்பல். வாசலில் உங்கள் ஹவாய் செருப்பு இருந்தது. ஜூலையில் ஊருக்குத் திரும்பும்போது விட்டுவிட்டுப் போனீர்களே, வெள்ளை அடி, நீல வார். உங்கள் மகள் அதை எடுத்து வைக்க விடுவதில்லை. “அப்பா செருப்பு வாசல்ல கெடந்தாலே வீட்டுல ஆள் இருக்கற மாதிரி இருக்கு” என்று தினம் துடைத்து வைக்கிறாள்.

அவள் கடைக்குப் போன நேரம் பார்த்து, இடது செருப்பின் குதிகால் ஓரத்தில் ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்குப் பிளேடால் வெட்டி எடுத்தேன். கனம் சரியாக இருந்தது. இரவல் ஹீட்டரால் பெட்டியைச் சூடாக்கி, மூடியில் பசை போட்டு ஒட்டி, ராத்திரி முழுக்கக் காயவிட்டேன். காலையில் மைனஸ் 29. எல்லாப் பிளாஸ்டிக்கும் விறைத்துக் கிடக்க, அந்தத் துண்டு மட்டும் அழுத்தினால் மெத்தென்று கொடுத்தது. மூடினேன். ‘டப்’. ஃபோனை உள்ளே வைத்து மறுபடி மூடினேன். வீடியோவில் இருபது விநாடி கன்னங்கரேலென்ற இருட்டு. என் வாழ்க்கையில் அவ்வளவு ஆசையோடு வேறெந்தப் படத்தையும் பார்த்ததில்லை. பத்து நாளாகிறது, செல்ஃப் ஒரே அடியில் எடுக்கிறது.

உங்கள் மகள் ஆஞ்சநேயருக்குக் கற்பூரம் காட்டினாள். தன் அப்பாவின் செருப்புத் துண்டு சாமி படத்துக்கு நாலு விரல் தள்ளி ஒட்டியிருப்பது அவளுக்குத் தெரியாது. தெரிந்தால் என்ன நடக்கும் என்பது அவளைப் பெற்ற உங்களுக்குத் தெரியும். எனக்கு நானே ஒரு சமாதானம் வைத்திருக்கிறேன். ராமர் காலில் போட்டதை வைத்துப் பரதன் பதினாலு வருடம் ராஜ்யத்தையே நடத்தினான். மாமா காலில் போட்டதை வைத்து நான் ஒரு பெட்டியைத்தானே நடத்துகிறேன். ஆஞ்சநேயருக்கு இந்த நியாயம் புரியும். அவர் எஜமானர் வீட்டுக் கதைதானே.

ஆனால் செருப்பில் ஓட்டை இருக்கிறது. இன்றைக்கில்லாவிட்டால் நாளைக்குத் துடைக்கும்போது கண்ணில் படும். எலி கடித்துவிட்டது என்று சொல்லலாமென்றால் அதற்கும் வழியில்லை. 1950-லிருந்து எல்லையில் ஆள் போட்டு ஒழித்து, இந்த ஆல்பர்ட்டா மாகாணத்தில் எலியே கிடையாது என்று பெருமையடித்துக்கொள்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கே அது தெரியும். பேத்தி முதலில் என்னைத்தான் பிடிப்பாள்.

ஆகவே மாமா, ஊரிலிருந்து யாராவது இந்தப் பக்கம் வந்தால் முறுக்கு வேண்டாம், ஊறுகாய் வேண்டாம். அதே நீல வாரில், ஒன்பதாம் நம்பரில் ஒரு ஜோடி கொடுத்தனுப்பவும். புதிதாக இருந்தால் சந்தேகம் வரும். ஒரு மாதம் கடைக்குப் போட்டுப் போய், கொஞ்சம் தேய்த்து அனுப்பவும்.

அன்புடன்,
உங்கள் மாப்பிள்ளை